தாங்கும் வலிமை பிறப்பது எப்போது?

துன்பம் நேர்ந்த வீட்டைப் பற்றித் தீர்ப்புக் கூற உலகம் காலம் தாழ்த்துவதில்லை. ஒரே நாளில் தந்தையை இழந்த உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். மற்றவர் நொறுங்கிப் போகிறார். மய்யித்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்போர், ‘மூத்தவர் நெஞ்சுரம் உள்ளவர், இளையவருக்கு அது கிடையாது’ என்று பேசி முடித்து எழுந்துவிடுகின்றனர். வணிகத்தில் பெருநட்டம் கண்டவர், வேலையை இழந்து கடல் கடந்து திரும்பியவர், இளமையிலேயே துணையை இழந்தவர் ஆகிய எல்லாரும் இதே தராசில்தான் நிறுக்கப்படுகின்றனர்.

இத்தீர்ப்புகளின் அடியில் ஒரு கருத்து மறைந்து கிடக்கிறது. தாங்கும் வலிமை ஒருவருடைய பிறவிச் சொத்து. உடையவரிடம் அது எப்போதும் இருக்கும். இல்லாதவரிடம் எப்போதும் இராது என்பதே அக்கருத்து. இது மெய்தானா என்று ஆராய்வது வெறும் அறிவு விளையாட்டாகாது. நம் பிள்ளைகளை நாம் வளர்க்கும் முறையும், விழுந்தவரை நாம் நடத்தும் முறையும் இக்கேள்விக்கு நாம் தரும் விடையையே சார்ந்திருக்கின்றன.

மனிதரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண்பது கடினம். மனிதர் தம் துயரை மறைப்பர். இல்லாத துணிவை இருப்பதாகக் காட்டுவர். உள்ள துணிவையும் சில வேளை வெளிக்காட்டார். எனவே சிறிது நேரம் மனிதரை விட்டுப் பனிநாட்டு மரங்களிடம் செல்வோம். அவற்றிடம் பாசாங்கு இல்லை. எத்தனை பாகைக் குளிரில் ஒரு கிளை உயிர் பிழைக்கும், எத்தனை பாகையில் மடியும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே அறியலாம். அவ்வாறு அளந்தவர்கள் கண்ட உண்மைகள் நம் கேள்விக்கு எதிர்பாராத ஒளியைத் தருகின்றன.

உறைபனி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மார்கழி, தை மாதங்களில் உதகையின் புல்வெளி மீது படியும் வெண்பனிதான். வடநாடுகளின் கடுங்குளிரோ நம் கற்பனைக்கு எட்டாதது. சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் பகுதியில் உறைநிலைக்குக் கீழே 67 பாகை செல்சியஸுக்கும் மேலாகக் குளிர் பதிவாகியிருக்கிறது. அங்கும் லார்ச் மரங்கள் காடு காடாக நிற்கின்றன. பறவை குளிருக்கு அஞ்சித் தென்திசை பறந்துவிடும். கரடி வளைக்குள் சென்று உறங்கும். மனிதன் தீ மூட்டிக் கம்பளி போர்த்துவான். மரத்திற்கோ காலும் இல்லை, போர்வையும் இல்லை. நின்ற இடத்தில் நின்றே தாங்க வேண்டும். தாங்க இயலாவிடின் மடிய வேண்டும்.

வட அமெரிக்காவில் ‘ரெட் ஓசியர் டாக்வுட்’ என்னும் புதர்ச்செடி உண்டு. அதன் தண்டு குளிர்காலத்தில் செந்நிறமாய் ஒளிரும். கோடையின் நடுவே இச்செடியை உறைநிலைக்குக் கீழே வெறும் 3 பாகைக் குளிரில் வைத்தால் அது இறந்துவிடுகிறது. அதே செடியின் அதே கிளை, குளிர்காலத்தின் நடுவே, உறைநிலைக்குக் கீழே 196 பாகையில் உள்ள திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தாலும் உயிரோடு இருக்கிறது. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகிரா சகாய் என்னும் ஆய்வாளர், குளிருக்குப் பழகிய வில்லோ, பாப்ளர் முதலிய மரங்களின் கிளைகளை முதலில் மெல்ல மெல்ல உறையவைத்து, பின்னர் திரவ நைட்ரஜனில் இட்டு எடுத்தும் அவை உயிர் பிழைப்பதை 1960-ஆம் ஆண்டில் உலகறிய எடுத்துக்காட்டினார். பூமியின் எந்த மூலையிலும் இல்லாத குளிர் அது.

இப்போது கேட்போம்: இந்தச் செடி வலிமையானதா, வலிமையற்றதா? கேள்வியே பிழையாக அமைந்திருப்பதை வாசகர்கள் உடனே உணர்வர். ‘எப்போது’ என்ற சொல்லைச் சேர்த்தாலன்றி இதற்கு விடையே இல்லை. தாங்கும் வலிமை செடியின் நிலையான உடைமை அல்ல. அது செடி வந்தடையும் ஒரு நிலை. வந்தடையும் வழி ஒன்று இருக்கிறது. அவ்வழியை நடந்து முடிக்கக் காலமும் வேண்டியிருக்கிறது.

அவ்வழி தொடங்கும் இடம் வியப்புக்குரியது. குளிர் வந்து தாக்கிய பிறகு மரம் விழித்துக்கொள்வதில்லை. வெயில் இன்னும் இதமாக இருக்கும்போதே, இலைகள் பச்சையாக இருக்கும்போதே, அது ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. எதைக் கண்டு தொடங்குகிறது? பகற்பொழுது சுருங்குவதைக் கண்டு. பகலிரவின் நீளத்தைச் செடிகள் அளந்தறிகின்றன என்னும் உண்மையை 1920-ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்டனர். இலையில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி ஒளியை உணர்ந்து இரவு நீள்வதை அறிவிக்கிறது. அச்செய்தி இலையிலிருந்து தண்டுக்குச் செல்கிறது. வெப்பத்தை மட்டும் நம்பியிருந்தால் மரம் ஏமாந்து போகும். ஏனெனில் அக்டோபரிலும் ஒரு வாரம் வெதுவெதுப்பாக இருக்கலாம். செப்டம்பரிலும் ஓரிரவு உறையலாம். பகலின் நீளமோ ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரே அளவாக இருக்கும். இன்றைய இதத்தை நம்பாமல், மாறாத அடையாளத்தை நம்பிக் காரியம் தொடங்குகிறது மரம்.

அடுத்து அது செய்வது வளர்ச்சியை நிறுத்துவது. நுனிகள் நீள்வதை விடுத்து மொட்டுகளாக மூடிக்கொள்கின்றன. இலைகளில் உள்ள சத்துகளில் ஒரு பகுதியை மரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கோடையில் சேர்த்து வைத்த மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பு அமைப்பு, குளிரிலும் இறுகாதவாறு மாறுகிறது. நீர் குறையும்போது உயிரணுவின் உள்ளுறுப்புகளைக் காக்கும் தனிப் புரதங்கள் உருவாகின்றன. பின்னர் முதல் உறைபனி விழும்போது இரண்டாம் கட்டம் தொடங்கி, தாங்கும் ஆற்றல் விரைந்து பெருகுகிறது. முதற்கட்டம் முடியாத மரத்தில் இரண்டாம் கட்டம் செவ்வையாக நிகழாது.

இவ்வளவும் செய்து மரம் குளிரைத் தனக்குள் வரவொட்டாமல் தடுத்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. மரத்துக்குள் பனிக்கட்டி உருவாகத்தான் செய்கிறது. ஆயின் அது உயிரணுவின் உள்ளே உருவாகாமல், உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் உருவாகிறது. உள்ளிருக்கும் நீர் மெல்ல வெளியேறி அங்கே உறைகிறது; உயிரணு நீரிழந்து சுருங்குகிறது; சர்க்கரை செறிந்து நிற்கும் அதன் உட்பகுதி உறையாமல் பிழைக்கிறது. பனிக்கட்டி உயிரணுவுக்குள் புகுந்தால் மரணம். வெளியே தங்கினால் வாழ்வு. தாங்குவது என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக உரைக்க இயலுமோ என்று நாம் வியக்கிறோம். துயரம் வீட்டுக்குள் வருவதை எவராலும் தடுக்க இயலாது. முற்றத்தில் அதற்கு இடம் கொடுத்து, உள்ளறையை மட்டும் காத்துக்கொள்வதே நம்மால் ஆவது.

இதற்கு மாறான வழியில் செல்லும் மரங்களும் உள்ளன. ஓக், மேப்பிள், ஆப்பிள் முதலிய மரங்களின் கட்டைப் பகுதியில் உள்ள சில உயிரணுக்கள் நீரை வெளியேற்றுவதில்லை. உள்ளே உள்ள நீரை உறையவிடாமல், உறைநிலைக்குக் கீழும் நீராகவே வைத்திருக்கின்றன. இதுவும் ஓர் ஆற்றலே. ஆயின் அதற்கு எல்லை உண்டு. ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழே 40 பாகையை எட்டும்போது அந்நீர் திடீரென்று உறைந்து உயிரணு மடிகிறது. அதனால்தான் இத்தகைய மரங்கள் வடதிசையில் ஓர் எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை. அதற்கும் அப்பால் காடாகி நிற்பவை பனிக்கட்டிக்குத் தமக்குள் இடம் கொடுத்த பிர்ச், வில்லோ, லார்ச் போன்றவைதாம். ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்தாமல் நின்றவர் ஒருநாள் முன்னறிவிப்பின்றிச் சாய்வதைக் கண்டவர்களுக்கு இவ்வுண்மை புதிதாக இராது.

இனி நம் தீர்ப்புகளுக்கு வருவோம். 1940-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் காலைப்பொழுது இதமாக விடிந்தது. அவ்விலையுதிர்காலம் முழுவதுமே வெதுவெதுப்பாகக் கழிந்திருந்தது. வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள் மெல்லிய உடையோடு ஆற்றோரங்களுக்குப் போயினர். சில மணி நேரத்தில் காற்று திரும்பியது, வெப்பநிலை சரிந்தது, பனிப்புயல் வீசியது. அப்புயலில் மாண்டவர் 140 பேருக்கும் மேல்; அவர்களுள் வேட்டைக்குச் சென்றோர் பலர். அதே குளிர் அயோவா மாநிலத்தின் ஆப்பிள் தோப்புகளையும் அழித்தது. பல உழவர்கள் மரங்களை அகற்றிவிட்டு மக்காச்சோளமும் சோயாவும் விதைத்தனர். அங்கே ஆப்பிள் தொழில் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

அந்த ஆப்பிள் மரங்கள் வலிமையற்றவையா? அதற்கு முன் எத்தனையோ ஜனவரி மாதங்களில் கடுங்குளிரைத் தாங்கிக் கனி கொடுத்தவை அவை. அவற்றை வீழ்த்தியதற்குக் குளிரின் அளவைவிட அது வந்த நேரமே காரணம். ஆயத்தம் முடியுமுன் குளிர் வந்துவிட்டது.

இதற்கு இன்னுமொரு சான்று உண்டு. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கான்ராட் வைசர் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1960-களில், முன்னர்க் கூறிய செந்தண்டுப் புதரின் கன்றுகளை வட அமெரிக்காவின் பல்வேறு பகுதிகளிலிருந்து கொணர்ந்து ஒரே நிலத்தில் வளர்த்தனர். கடுங்குளிர்ப் பகுதியிலிருந்து வந்தவை முன்கூட்டியே ஆயத்தமாயின. மென்குளிர்ப் பகுதியிலிருந்து வந்தவை பிந்தி ஆயத்தமாயின. ஆயின் குளிர்காலத்தின் நடுவே சோதித்தபோது எல்லாமே கடுங்குளிரைத் தாங்கும் நிலையை எய்தியிருந்தன. அவற்றிடையே இருந்த பெரிய வேற்றுமை, எவ்வளவு தாங்கும் என்பதைவிட எப்போது தாங்கத் தொடங்கும் என்பதிலேயே இருந்தது. இதைப் படித்த பிறகு, ஒரே துயரில் ஒருவர் நின்றதையும் ஒருவர் வீழ்ந்ததையும் கண்டு, ஒருவருக்கு உரம் உண்டு, மற்றவருக்கு இல்லை என்று சொல்லிவிட நமக்கு நா எழுமா? அத்துயரம் அவரவரை எந்தப் பருவத்தில் வந்து சந்தித்தது என்று கேளாமல் கூறும் தீர்ப்பு நீதியாகாது.

ஆயத்தத்திற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. இன்னும் ஒரு மாதம் வளரக்கூடிய வெயில் இருக்கும்போதே மரம் வளர்ச்சியை நிறுத்துகிறது. அது இழப்புத்தான். குடும்பங்களிலும் இதுவே நிகழ்கிறது. வெளிநாட்டு வருமானம் பெருகி வரும் நாளில் மாடி மேல் மாடி எழுப்பாமல் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பவரை ஊரார் கஞ்சர் என்பர். கணவர் நன்றாகச் சம்பாதிக்கும்போதே ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளும் பெண்ணைப் பார்த்து, ‘உனக்கு என்ன குறை வந்துவிட்டது?’ என்பர். நல்ல நாளில் செய்யும் ஆயத்தம் நல்ல நாளில் மூடத்தனமாகவே தோன்றும். அதன் பொருளை விளக்கும் நாள் வரும்போது விளக்கம் கேட்க எவருக்கும் பொழுது இராது.

இங்கே தெருவிளக்குகளைப் பற்றியும் ஒரு சொல். 1936-ஆம் ஆண்டில் மாட்ஸ்கே என்னும் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர், தெருவிளக்கின் அருகில் நிற்கும் சில மரங்கள் மற்ற மரங்களைவிடப் பிந்தியே இலை உதிர்ப்பதை எழுதிவைத்தார். விளக்கை நோக்கிய கிளையில் பச்சை இலை இருக்கும். இருட்டில் உள்ள கிளையில் இலை உதிர்ந்திருக்கும். பொய்யான ஒளி, கோடை இன்னும் முடியவில்லை என்று மரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. செல்வர்களைச் சுற்றி நிற்கும் முகத்துதியும், பிள்ளைகளுக்கு வீட்டின் நெருக்கடி எதையும் தெரிவியாமல் வளர்க்கும் பெற்றோரின் அன்பும் இத்தகைய விளக்குகளே. விளக்கேற்றியவர் தீங்கு எண்ணியிருக்க மாட்டார். எனினும் அந்த வெளிச்சம் மாலை வருவதை மறைத்துவிடுகிறது.

அவ்வாறாயின் பிள்ளைகளைத் துன்பத்தில் தள்ளிப் பழக்கலாமே என்று சிலர் முடிவு கட்டக்கூடும். ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியை அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். மரம் இதற்குச் சான்று கூறவில்லை, மறுத்தே கூறுகிறது. வளரும் பருவத்தில் உறைபனியில் வைத்த செடி உறுதி பெறுவதில்லை, செத்துப்போகிறது. இலைகளை முன்கூட்டியே பறித்துவிட்ட செடியால் ஆயத்தத்தைச் செம்மையாக முடிக்க இயலாது. ஏனெனில் அடையாளத்தை உணர்வதும் இலையே, உணவைச் சேர்ப்பதும் இலையே. குளிர்காலத்தில் சர்க்கரையாய் நின்று காப்பது கோடையில் வெயில் தந்த உணவுதான். நிறைவான கோடையும், பின்னர்ப் படிப்படியாக வரும் குளிருமே மரத்தைத் தாங்க வைக்கின்றன. அன்பு குறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை உறுதியானவனாக வெளியே வருவான் என்று எண்ணுவோர், இலை பறித்த மரத்திடம் குளிர்காலத்தைத் தாங்கும்படி கேட்கிறார்கள்.

வலிமையை எய்திவிட்டால் அது என்றென்றும் நிற்குமா என்றால், அதுவும் இல்லை. பல வாரங்களில் பெற்ற தாங்கும் ஆற்றலை மரம் வசந்தத்தின் வெதுவெதுப்பில் சில நாள்களில் இழந்துவிடுகிறது. 2007-ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் வழக்கத்திற்கு மீறிய வெப்பம் நிலவியது, மரங்கள் துளிர்த்தன, ஏப்ரல் முதல் பாதியில் வந்த உறைபனி அத்துளிர்களைக் கருக்கியது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களும் பழத்தோட்டங்களும் இவ்வாறே பேரிழப்புக் கண்டன. ஆயினும் மரம் இளகாமல் இருந்துவிடவும் முடியாது. இளகாத மொட்டு விரியாது, பூக்காது, காய்க்காது. துயரைத் தாங்கியவர்களுள் சிலர் அதன் பின்னர் எவரிடமும் இளகுவதில்லை. அதனை வலிமை என்று நாம் போற்றுகிறோம். உண்மையில் அவர்களுடைய குளிர்காலம் இன்னும் முடியவில்லை.

மரத்துக்கு மனம் இல்லை. விருப்பு வெறுப்பு இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. அதனிடமிருந்து மனிதனுக்கு ஒழுக்கம் கற்பிக்கலாமா என்று வாசகர் கேட்பது நியாயமே. மரம் ஆயத்தம் செய்வதை அறம் என்று நாம் கூறவில்லை. அது செய்யாதிருக்க இயலாது. எனவே அதில் புகழ்ச்சிக்கும் இடம் இல்லை, இகழ்ச்சிக்கும் இடம் இல்லை. நாம் அதனிடம் பெறுவது கட்டளை அல்ல. நம் கேள்வியைத் திருத்திக் கேட்கும் தெளிவு மட்டுமே. வீழ்ந்த மரத்தைக் கோழை என்று எவரும் அழைப்பதில்லை. ஏன் வீழ்ந்தது என்று ஆராய்கிறோம். மரத்துக்குத் தரும் இந்த நியாயத்தை மனிதருக்குத் தர மறுப்பது ஏன்? மரத்துக்கு இல்லாத உரிமை நமக்கு உண்டென்றால் அதற்கேற்ற பொறுப்பும் நமக்கு உண்டு. தமக்காக ஆயத்தம் செய்துகொள்வது அப்பொறுப்பில் பாதிதான்.

மற்றப் பாதி எது என்பதை மரத்தின் வேரே காட்டுகிறது. கடுங்குளிரைத் தாங்கும் ஆப்பிள் மரத்தில், கிளை தாங்கும் குளிரில் பாதியைக்கூட அதன் வேர் தாங்காது. எவ்வளவு காலம் கொடுத்தாலும் கிளை அடையும் உறுதியை வேர் அடைவதில்லை. ஆயினும் வேர் பிழைக்கிறது. மேலே மண் இருக்கிறது; மண்ணின் மேல் பனி போர்த்திருக்கிறது. விழுந்து படிந்த பனி தானும் குளிர்ந்ததே. எனினும் தனக்கு மேலுள்ள கடுங்குளிர் கீழே இறங்காதவாறு அது தடுத்து நிற்கிறது. பனி விழாத ஆண்டுகளில்தான் வேர்கள் மிகுதியும் மடிகின்றன.

ஒவ்வொரு குடும்பத்திலும் வேரைப் போன்றவர்கள் உண்டு; தம் ஆயத்தம் முடியுமுன் புயலில் அகப்பட்டவர்களும் உண்டு. அவர்களுடைய உரத்தை எடை போடுவதால் அவர்களுக்கு ஒரு பாகை வெப்பமும் கூடுவதில்லை. நாமும் அதே துயரில் நனைந்தவர்களாகவே இருக்கலாம். நம்மிடமும் கதகதப்பு மிகுதியாக இல்லாதிருக்கலாம். அவர்கள் மேல் படிந்து நின்று, வரும் குளிரில் ஒரு பங்கை நம் மேல் தாங்கிக்கொள்ள அது தடையாகாது.